சி-யிலிருந்து ஜி-க்கு: கிட்டாரில் கார்டு மாற்றிப் பழக எந்த வழி நல்லது?

கிட்டார் வாங்கிய முதல் மாதத்தில் எல்லோர் கையும் ஒரே இடத்தில்தான் நின்றுபோகிறது. சி கார்டைப் பிடிக்க (கார்டு என்பது சில சுரங்களை ஒன்றாக ஒலிக்கவைக்கும் விரல் பிடி) வந்துவிடும். ஜி கார்டையும் பிடிக்க வந்துவிடும். சி-யிலிருந்து ஜி-க்குப் போவது மட்டும் வராது. தர்மபுரியில் மாலை வேளைகளில் என்னிடம் பழக வரும் பிள்ளைகளும் சரி, ஓசூரில் வாரமெல்லாம் ஷிப்ட் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறி வரும் இளைஞர்களும் சரி, கேட்பது ஒன்றைத்தான்.

"அண்ணா, யூடியூப்ல ஒருத்தர் டைமர் வெச்சு எண்ணச் சொல்றார். இன்னொருத்தர் மெட்ரோனோம் இல்லாம கிட்டாரையே தொடாதேங்கிறார். ஃப்ரெண்டு என்னடான்னா, பாட்டையே வாசிடா, தானா வரும்ங்கிறான். யார் சொல்றத கேக்குறது?"

நியாயமான கேள்வி. வேலைக்கோ கல்லூரிக்கோ போய்வருகிற ஒருவருக்கு நாளொன்றுக்குக் கிடைப்பது இருபது நிமிடம், மிஞ்சினால் அரை மணி நேரம். அதை எதில் செலவழிப்பது என்று தெரியாமல் தினம் ஒன்றாக மாற்றிக்கொண்டிருந்தால் மூன்று மாதம் கழித்தும் கை அங்கேயேதான் நிற்கும். அதனால் நடைமுறையில் இருக்கிற நான்கு வழிகளை எடுத்து ஒவ்வொன்றும் எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுப்பதில்லை என்று பார்த்துவிடலாம். ஓசையில்லாமல் இடது கையை மட்டும் பழக்குவது, ஒரு நிமிடத்துக்கு எத்தனை மாற்றம் என்று எண்ணுவது, மெட்ரோனோமோடு (வைத்த வேகத்தில் மாறாமல் தட்டிக்கொண்டே இருக்கும் கருவி) மெதுவாக மாற்றுவது, பாட்டோடு சேர்ந்து வாசிப்பது என நான்கு.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் வேண்டும் என்றால் மெட்ரோனோமை எடுங்கள். மற்ற மூன்றுக்கும் அதனதன் வேளை இருக்கிறது, ஆனால் மெட்ரோனோமின் இடத்தில் அவற்றை உட்கார வைக்க முடியாது. ஏன் என்பதுதான் இனி வருவது.

கை எங்கே நிற்கிறது?

காவேரிப்பட்டணத்திலிருந்து வரும் பாலிடெக்னிக் மாணவன் ஒருவனின் இடது கையைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். சி பிடித்திருக்கிறான். கம்பிகளை மெல்லியதிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணினால், தடித்தது ஆறாவது; ஃப்ரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு. மோதிர விரல் ஐந்தாம் கம்பியில் மூன்றாம் ஃப்ரெட், நடுவிரல் நான்காம் கம்பியில் இரண்டாம் ஃப்ரெட், சுட்டுவிரல் இரண்டாம் கம்பியில் முதல் ஃப்ரெட். ஸ்ட்ரம் செய்தால், அதாவது கம்பிகளை ஒரே வீச்சில் வருடினால், ஐந்து கம்பியும் தெளிவாகப் பேசுகின்றன. இப்போது ஜி-க்குப் போக வேண்டும். மூன்று விரலும் கம்பியை விட்டு ஓர் அங்குலம் எகிறுகின்றன. முதலில் நடுவிரல் மட்டும் இறங்கி, ஐந்தாம் கம்பியைத் தேடி உட்காருகிறது. அது உட்கார்ந்தபின்தான் மோதிர விரல் ஆறாம் கம்பிக்குக் கிளம்புகிறது. அதுவும் உட்கார்ந்தபின் சுண்டுவிரல் மெல்ல நீண்டு முதல் கம்பியைத் தொடுகிறது. இவ்வளவு நேரமும் வலது கை அந்தரத்தில் பிக்கோடு (கம்பியைத் தட்டும் சின்னத் தகடு) காத்திருக்கிறது. கண் ஃப்ரெட்போர்டை விட்டு அசையவில்லை. மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டிருக்கிறான்.

இதில் இரண்டு சங்கதி தனித்தனியாக இருக்கின்றன. ஒன்று, மூன்று விரலும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றன. ஒரே வடிவமாகக் கிளம்பி ஒரே வடிவமாக இறங்க வேண்டும். இரண்டு, அந்த இறக்கம் தாளத்தின் தட்டில் வந்து விழ வேண்டும். முதலாவது கையின் பாடம், இரண்டாவது காலத்தின் பாடம். எந்தப் பயிற்சி முறையை எடுத்தாலும் இந்த இரண்டில் எதை அது வளர்க்கிறது என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஓசையில்லாத வழி

வலது கைக்கு வேலையே இல்லை. கார்டைப் பிடித்து அழுத்துங்கள். விரலை எடுக்காமல் அழுத்தத்தை மட்டும் விடுங்கள். பிறகு எல்லா விரலையும் ஒன்றாகக் கம்பியிலிருந்து கொஞ்சமே கொஞ்சம் தூக்கி, வடிவம் கலையாமல் அப்படியே மறுபடி இறக்குங்கள். இது பழகியதும், தூக்கிய கையை அந்தரத்திலேயே அடுத்த கார்டின் வடிவத்துக்கு மாற்றி இறக்குவது அடுத்த படி. அவசரமே கிடையாது. ஒரு மாற்றத்துக்கு ஐந்து விநாடி ஆனாலும் ஆகட்டும், மூன்று விரலும் ஒரே நேரத்தில் கம்பியைத் தொட வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை.

கையின் பாடத்துக்கு இதைவிட நேரான வழி கிடையாது. இன்னொரு வசதியும் உண்டு. நைட் ஷிப்ட் முடிந்து அறைக்கு வருபவருக்குப் பக்கத்தில் மூன்று பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். ஹாஸ்டலில் பத்து மணிக்கு மேல் கம்பியைத் தட்ட முடியாது. வீட்டில் குழந்தை அப்போதுதான் கண்ணயர்ந்திருக்கும். இவர்களுக்கு வேறு நேரமே இல்லையென்றால் இந்த வழி கைகொடுக்கும்.

ஆனால் காது இதில் சேர்வதில்லை. முதல் கம்பியில் விரல் உரசி அது ஊமையாகிவிட்டது என்பது ஸ்ட்ரம் செய்தால்தான் தெரியும். தாளமும் இல்லை. ஆகவே ஒவ்வொரு புதுக் கார்டுக்கும் முதல் சில நாட்கள் இந்த வழி, பிறகு தினமும் தொடக்கத்தில் இரண்டு மூன்று நிமிடம். அதற்கு மேல் இதிலேயே தங்கிவிட வேண்டாம்.

நிமிடக் கணக்கு

அறுபது விநாடிக்கு டைமர் வைத்து, இரண்டே கார்டுகளுக்கு இடையில் போய்ப்போய் வந்து, எத்தனை மாற்றம் என்று எண்ணிக் குறித்துக்கொள்வது. இணையத்தில் கிட்டார் கற்பிக்கும் ஆஸ்திரேலியர் ஜஸ்டின் சாண்டர்கோ வழியாக இது உலகம் முழுக்கப் பரவியது. நிமிடத்துக்கு 60 மாற்றம் என்பது பலரும் குறிவைக்கும் எண்.

இதன் பலம் வெளிப்படையானது. நோட்டில் தேதி போட்டு எண்ணைக் குறித்தால் வளர்ச்சி கண்ணுக்குத் தெரிகிறது. போன வாரம் 14, இந்த வாரம் 19 என்று பார்க்கும்போது வருகிற தெம்பு சாதாரணமானதல்ல. தனியாகப் பழகுபவர்களுக்கு, முதுகில் தட்டிக்கொடுக்க ஆள் இல்லாதவர்களுக்கு, அந்த எண்தான் துணை.

ஆனாலும் இதை முக்கியப் பயிற்சியாக வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். காரணத்தைக் கணக்காகவே பார்க்கலாம். நான்கு தட்டுத் தாளத்தில், நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில் ஓடுகிற ஒரு பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு கார்டு. ஒரு சுற்று 3 விநாடி. அப்படியானால் நிமிடத்துக்கு 20 மாற்றம்தான். டைமர் வைத்து 30 எட்டிப்பிடித்த ஒருவர் இந்தப் பாட்டைச் சுலபமாக வாசிக்க வேண்டுமே? வாசிக்க முடிவதில்லை. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தடுக்குகிறது.

ஏனென்றால் அந்த 3 விநாடியும் மாற்றத்துக்குக் கிடைப்பதில்லை. கார்டு ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். மேலும் கீழுமாக எட்டு ஸ்ட்ரம் போட்டால், கடைசி மேல்-ஸ்ட்ரமுக்கும் அடுத்த சுற்றின் முதல் ஸ்ட்ரமுக்கும் நடுவே இருப்பது 0.375 விநாடி. விரல் மாற வேண்டியது அதற்குள். டைமர் எண்ணுவது சராசரி வேகத்தை. பாட்டு கேட்பதோ குறிப்பிட்ட ஒரு நொடியில் கை அங்கே இருக்கிறதா என்பதை. முப்பது மாற்றத்தில் சில மாற்றம் ஒரு விநாடியிலும் சில மாற்றம் மூன்று விநாடியிலும் நடந்திருந்தாலும் டைமருக்குக் கவலையில்லை. கூட்டி முப்பது என்று சொல்லிவிடும்.

இன்னொன்றையும் கண்முன்னே பார்த்துக்கொண்டிருக்கிறேன். எண்ணைக் கூட்ட வேண்டும் என்ற வேகத்தில் பிள்ளைகள் கம்பியை முழுசாக அழுத்தாமலே அடுத்த கார்டுக்குத் தாவுகிறார்கள். சத்தம் தட்டையாக, கரகரவென்று வருகிறது. நாற்பது வந்ததே என்று முகத்தில் சந்தோஷம். கை அந்தக் கரகரப்பையும் சேர்த்தே பழகிக்கொள்கிறது, பிறகு அதை எடுப்பது புதிதாகப் பழகுவதைவிடக் கடினம். ஆகவே வாரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை, அளந்து பார்க்க மட்டும் இது போதும். அளக்கும்போதும் தெளிவாக ஒலித்த மாற்றத்தை மட்டும் எண்ணுங்கள்.

மெட்ரோனோம், மூன்று காலமாக

மெட்ரோனோம் என்றதும் பலருக்கு முகம் சுளிக்கிறது. இயந்திரம் மாதிரி வாசிக்கச் சொல்கிறார்கள் என்று ஒரு பயம். யோகான் மெல்சல் 1815-இல் இதற்குக் காப்புரிமை வாங்கியதிலிருந்தே இந்தச் சலிப்பும் கூடவே வந்திருக்கும் போல. ஆனால் கர்நாடக இசை வகுப்புக்கு ஒரு மாதம் போனவர்களுக்குக்கூட இது தெரிந்த விஷயம்தான். சரளி வரிசையை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள்? தாளத்தை ஒரே வேகத்தில் போட்டுக்கொண்டு, முதல் காலத்தில் தட்டுக்கு ஒரு சுரம், இரண்டாம் காலத்தில் தட்டுக்கு இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. தாளம் மாறுவதில்லை, அதற்குள் நாம் நிரப்புவதுதான் இரட்டிக்கிறது. கார்டு மாற்றத்துக்கும் இந்த முறை அப்படியே பொருந்துகிறது, என்னிடம் வருகிற எல்லோரையும் இதில்தான் தொடங்க வைக்கிறேன்.

மெட்ரோனோமை 60-இல் வையுங்கள். போனில் இலவச ஆப் நிறைய இருக்கின்றன. கூகுளில் ஆங்கிலத்தில் மெட்ரோனோம் என்று அடித்தாலே திரையில் ஒன்று வந்து நிற்கும். முதல் காலத்தில் நான்கு தட்டுக்கு ஒரு கார்டு. ஒன்றில் ஒரே ஒரு கீழ்-ஸ்ட்ரம். இரண்டிலும் மூன்றிலும் அது ஒலித்துக்கொண்டிருக்கட்டும், நீங்கள் காது கொடுத்துக் கேளுங்கள். நான்கில் விரல்கள் எழும்பி அடுத்த கார்டுக்குப் போகின்றன. மறுபடி ஒன்றில் ஸ்ட்ரம். நிமிடத்துக்கு 15 மாற்றம். ஒவ்வொன்றுக்கும் முழுதாக ஒரு விநாடி கிடைக்கிறது. இரண்டாம் காலத்தில் இரண்டு தட்டுக்கு ஒரு கார்டு, நிமிடத்துக்கு 30. மூன்றாம் காலத்தில் தட்டுக்கு ஒரு கார்டு, 60. டைமர்காரர்கள் தேடுகிற அதே 60-தான், ஆனால் ஒவ்வொன்றும் தன் தட்டில் விழுந்த 60.

பொறுமை வேண்டியது முதல் காலத்தில்தான். வந்துவிட்டது போலத் தோன்றும். வந்திருக்காது. எட்டு மாற்றம் தொடர்ந்து, ஒரு கம்பியும் ஊமையாகாமல், ஒரு தட்டும் பிந்தாமல் வந்தால்தான் இரண்டாம் காலம் என்று ஒரு வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். ஏழாவதில் பிசகினால் மறுபடி ஒன்றிலிருந்து. கேட்பதற்குக் கடுமையாக இருக்கலாம், ஆனால் இந்த வரம்புதான் அந்தப் பாலிடெக்னிக் பையனுக்கு உதவியது. மூன்றாவது வாரத்தில் ஒருநாள் அவனே நிமிர்ந்து பார்த்துச் சொன்னான்: "அண்ணா, நான் கையப் பாக்கவே இல்ல. அதுவா போவுது." கண் ஃப்ரெட்போர்டை விட்டு எழுந்த அந்த நாளில் அவனுக்கு மாற்றம் வந்துவிட்டது. எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

முதல் காலத்தில் இன்னொரு வேலையும் முடிந்துவிடும். சி-க்குத் திரும்பும்போது எந்த விரல் முதலில் இறங்குகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலானவர்களுக்குச் சுட்டுவிரல் முதலில், மோதிர விரல் கடைசியில். ஆனால் கீழ்-ஸ்ட்ரம் முதலில் தொடுவது ஐந்தாம் கம்பியைத்தான், அதாவது மோதிர விரல் இருக்க வேண்டிய கம்பியை. ஆகவே பழகும்போது மோதிர விரலை முன்னே அனுப்புங்கள். மற்ற இரண்டும் ஒரு மயிரிழை பிந்தினாலும் காதுக்குத் தெரியாது, அடிச்சுரம் பிந்தினால் கார்டே பிந்தியதாகக் கேட்கும். இப்படி ஒரு விரலைத் திருத்த நேரம் கிடைப்பது மெதுவாக வாசிக்கும்போது மட்டும்தான்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. சலிப்பு. பத்து நிமிடத்துக்கு மேல் போனால் கவனம் சிதறும், கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அப்படி ஓடுகிற நிமிடங்களால் பயனில்லை. பத்து நிமிடம், எழுந்து தண்ணீர் குடித்துவிட்டு வேறு வேலை, முடிந்தால் மாலையில் இன்னொரு பத்து நிமிடம். ஒரே மூச்சில் அரை மணி நேரம் உட்காருவதைவிட இதுவே நல்லது. விரல் நுனிக்கும் இதுதான் நல்லது. நுனித்தோல் காய்த்துத் தடிப்பேறச் சில வாரம் ஆகும், அதுவரை வலி இருக்கத்தான் செய்யும். கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறையில் வேலை செய்யும் ஒரு தம்பிக்கு முதல் நாளிலிருந்தே வலியில்லை, கை அவ்வளவு உரம். அவருக்குச் சிரமமாக இருந்தது விரலை விரித்துப் பிடிப்பதுதான். ஒவ்வொருவருக்கும் பொறுமை கேட்கிற இடம் வேறு.

பாட்டோடு பழகுவது

நண்பன் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. கிட்டார் வாங்கியதே பாட்டு வாசிக்கத்தான். மாதக்கணக்கில் பாட்டே தொடாமல் டக் டக் என்று தட்டிக்கொண்டிருந்தால் கிட்டார் பீரோ மேல் ஏறிவிடும். எங்கள் மாவட்டங்களில் கிட்டார் பிடிக்கிற நிறையப் பேர் தேவாலயப் பாடல் குழுவில் தொடங்கியவர்கள். அவர்களைப் பார்த்தால் ஒன்று புரியும்: ஞாயிறு காலை பத்துப் பேர் பாடிக்கொண்டிருக்கும்போது கிட்டார்காரர் நிற்க முடியாது. விரல் சரியாக விழுந்தாலும் விழாவிட்டாலும் வலது கை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கட்டாயம் மெட்ரோனோமால்கூடத் தர முடியாத ஒன்று.

பாட்டு வழியின் ரகசியமே வலது கை நிற்காமல் இருப்பதுதான். இடது கை பிந்தினால் வெறும் கம்பியை ஸ்ட்ரம் செய்துவிட்டுப் போங்கள். தேர்ந்தவர்களும் இதைத்தான் செய்கிறார்கள்: சுற்றின் கடைசி மேல்-ஸ்ட்ரமில் விரல்கள் ஏற்கெனவே எழும்பிவிடும், அந்த அரைத் தட்டுக்கு வெறும் கம்பி ஒலிக்கும், கேட்பவருக்கு உறுத்தாது. அந்தக் கீற்று நேரத்தில்தான் அடுத்த கார்டு உட்காருகிறது.

சிக்கல் என்னவென்றால், தாளம் உடம்பில் ஏறாதவர்கள் பாட்டில் பழகும்போது கார்டு வரும் இடத்திலெல்லாம் பாட்டை நிறுத்திவிடுகிறார்கள். "காத்திருந்து" மாற்றிவிட்டு மறுபடி தொடர்கிறார்கள். அதே இடத்தில் தினமும் நின்று நின்று, நிற்பதும் பாட்டின் பகுதியாகவே பதிந்துவிடுகிறது. பிறகு குழுவோடு வாசிக்க உட்கார்ந்தால் அதே இடத்தில் தடுமாற்றம். திரைப்பாட்டுகளில் இன்னொரு சிரமம்: பல பாட்டுகள் ஆறு தட்டு நடையில் போகும், இடையிசையில் கார்டு ஒரு சுற்றுக்கு இரண்டு மூன்று முறை மாறும், மூலச் சுருதியில் வாசித்தால் பார் கார்டு (ஒரே விரலால் பல கம்பியை அழுத்தும் பிடி) கேட்கும். தொடக்கத்தில் பல்லவியை மட்டும் எடுங்கள், இரண்டே கார்டில் நிற்கிற வரிகளாகப் பாருங்கள், சுருதிக்குக் கேப்போ (கழுத்தில் கவ்வி எல்லாக் கம்பியையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) போட்டுக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு விலக்கு உண்டு. ஏற்கெனவே மிருதங்கமோ பறையோ தவிலோ வாசித்தவர், கூத்தில் தாளம் போட்டுப் பழகியவர், பாடல் குழுவில் வருடக்கணக்காகப் பாடியவர் என்றால் நேராகப் பாட்டுக்கே போகலாம். காலத்தின் பாடம் அவர்களிடம் முன்பே இருக்கிறது. கையின் பாடத்துக்கு ஓசையில்லாத வழியைச் சேர்த்துக்கொண்டால் போதும். பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த, கூத்துக் குடும்பத்துப் பெண் ஒருத்திக்கு நான் மெட்ரோனோம் வைக்கவே இல்லை. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கும் பாட்டுதான் முதலில். அவர்களிடம் எட்டு மாற்றம், வரம்பு என்று பேசினால் மறுவாரம் வர மாட்டார்கள்.

அரை மணி நேரத்தைப் பிரிப்பது

ஆக, மற்றவர்களுக்கு என் பரிந்துரை: முதல் இரண்டு மூன்று நிமிடம் ஓசையில்லாமல், பிறகு பத்து நிமிடம் மெட்ரோனோம், மிச்சமெல்லாம் பாட்டு. பாட்டு கடைசியில் வருவதற்குக் காரணம் உண்டு. கை சூடேறி, தட்டு காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருக்கும்போது பாட்டுக்குள் போனால் அந்த ஒழுங்கும் கூடவே வரும். பத்து நிமிடம்தான் கிடைக்கிற நாளில் மெட்ரோனோம் ஐந்து, பாட்டு ஐந்து. ஒரு நாள் முழுக்க விட்டுவிட்டு மறுநாள் ஒரு மணி நேரம் என்று ஈடுகட்ட வேண்டாம். விரல் பழக்கம் தூக்கத்தில்தான் நன்றாகப் பதிகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. இரவு பத்து நிமிடம் வாசித்துவிட்டுப் படுத்தவர்களுக்கு காலையில் கை லேசாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பத்து நிமிடமும் ஒரே ஜோடிக் கார்டா, மூன்று ஜோடியை மாற்றி மாற்றியா? இதற்குத் தெளிவான பதில் ஒன்று இருக்கிறது. 1979-இல் ஷியா, மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கை அசைவுகளைப் பழக வைத்துப் பார்த்தார்கள். ஒன்றை முடித்து அடுத்ததைப் பழகியவர்கள் பயிற்சியின்போது முன்னால் இருந்தார்கள். கலந்து கலந்து பழகியவர்கள் பின்தங்கினார்கள். ஆனால் சில நாள் கழித்துச் சோதித்தபோது கலந்து பழகியவர்களிடம்தான் கற்றது அதிகம் மிஞ்சியிருந்தது. ஆகவே ஒரு ஜோடி முதல் காலத்தில் நிற்கத் தொடங்கியதும் அதை அடுத்த ஜோடிகளோடு கலந்துவிடுங்கள். அன்றைக்குக் கொஞ்சம் மோசமாக வாசிப்பது போலிருக்கும், இருக்கட்டும்.

ஜோடியைத் தேர்ந்தெடுப்பதிலும் வேறுபாடு இருக்கிறது. ஏ மைனரிலிருந்து சி-க்குப் போக மோதிர விரல் மட்டும் நகர்ந்தால் போதும். சுட்டுவிரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஈ மேஜரிலிருந்து ஏ மைனருக்கு மூன்று விரலும் வடிவம் மாறாமல் ஒரு கம்பி தள்ளிப் போகின்றன. ஈ-யிலிருந்து டி-க்குச் சுட்டுவிரல் மூன்றாம் கம்பியை விடாமல் ஒரு ஃப்ரெட் வழுக்கினால் மற்றவை அதைப் பிடித்துக்கொண்டு வந்துவிடும். இந்த மூன்று ஜோடியையும் முதலில் எடுங்கள். எல்லோரும் ஜி, சி, டி என்று தொடங்குகிறார்கள், அது பாட்டுக்கு வசதி, விரலுக்குக் கஷ்டம்.

கிட்டாரும் ஆசிரியரும்

சில நேரம் குறை கையில் இருக்காது. கம்பி ஃப்ரெட்போர்டிலிருந்து ரொம்ப உயரத்தில் நின்றால் யார் அழுத்தினாலும் வலிக்கும். சோதிக்க எளிய வழி: இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ போட்டுப் பிடித்துப் பாருங்கள். சட்டென்று சுலபமாகிவிட்டால் தலைப்பக்கத்து நட்டில் கம்பி உயரமாக இருக்கிறது என்று அர்த்தம். கிட்டார் சரிசெய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். கம்பி மாற்றும்போது 12-க்குப் பதில் 10 அல்லது 11 அளவு, அதாவது மெல்லிய கம்பி, வாங்கினால் இழுவிசை குறையும். எல்லாக் கம்பியையும் அரைச் சுருதி இறக்கி வைப்பதும் உதவும். நைலான் கம்பிக் கிட்டாரில் நுனிவிரலுக்கு வலி குறைவு, ஆனால் கழுத்து அகலம் கூடுதல். சிறிய கைக்காரர்கள் கடையில் பிடித்துப் பார்த்தே வாங்க வேண்டும். சித்திரை வைகாசியில் சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே கிட்டாரைத் தொங்கவிடாதீர்கள். மரம் வளைந்து கம்பி எழும்பிவிடும்.

ஆசிரியர் தேவையா, போனே போதுமா என்பதற்குச் சுருக்கமாகவே பதில் சொல்ல முடியும். பாலக்கோட்டிலோ பர்கூரிலோ இருப்பவர் வாரம் தவறாமல் ஓசூருக்கோ சேலத்துக்கோ வகுப்புக்குப் போய்வர வேண்டியதில்லை. பயிற்சி முறைக்கு வீடியோ போதும். ஆனால் மணிக்கட்டு எப்படி வளைகிறது, பெருவிரல் பின்னால் எங்கே இருக்கிறது, தேவைக்கு மேல் அழுத்துகிறீர்களா என்பதை வீடியோ பார்க்காது. மாதம் ஒருமுறையாவது தெரிந்த ஒருவர் முன்னால் வாசித்துக் காட்டுங்கள். அதுவும் முடியாவிட்டால் போனைக் கைக்கு எதிரே வைத்து ஒரு நிமிடம் படம்பிடித்து, மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். எந்த விரல் பிந்துகிறது என்று நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.

எஃப் எப்போது?

கடைசியாக எல்லோரும் கேட்பது எஃப் கார்டு. முழு பார் போட்டுச் சுட்டுவிரலால் ஆறு கம்பியையும் அழுத்துவதா, நான்கு கம்பியில் சின்ன எஃப் பிடிப்பதா, எஃப் மேஜர் செவனா? முதல் சில மாதத்துக்கு எஃப் மேஜர் செவன் என்றே சொல்வேன், அதற்குக் காரணம் சுலபம் என்பது மட்டுமல்ல. ஜி-யை மோதிர விரல் ஆறாம் கம்பி, நடுவிரல் ஐந்தாம் கம்பி, சுண்டுவிரல் முதல் கம்பி என்று பிடியுங்கள். சி-க்குப் போகும்போது மோதிர விரலும் நடுவிரலும் ஒன்றையொன்று விடாமல் ஒரு கம்பி நகர்கின்றன, சுட்டுவிரல் வந்து சேர்கிறது. அங்கிருந்து எஃப் மேஜர் செவனுக்கு அதே இரண்டு விரலும் இன்னொரு கம்பி நகர்கின்றன, சுட்டுவிரல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஜி, சி, எஃப் மூன்றும் ஒரே ஜோடி விரலின் மூன்று படிகள். மெட்ரோனோமை 60-இல் வைத்து, நான்கு தட்டுக்கு ஒன்றாக இந்தப் படிகளில் ஏறி இறங்குங்கள். இது இரண்டாம் காலத்தில் நிற்கும் நாளில் முழு பாருக்குப் போகலாம், அதையும் முதலில் ஓசையில்லாமல்.